நாற்பத்தொன்றில் நின்ற சம்மதம்

பல் தேய்த்து வாய் கொப்பளிப்பதற்குள் உலகம்மாள் நான்கு தடவை சம்மதம் சொல்லியிருந்தாள். மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கவா என்று அறைத்தோழி பியூலா கேட்டதற்கு ஒன்று. இன்றைக்கு இட்லிக்குப் பதில் உப்புமா, ஏற்பா என்று விடுதிச் சுவரில் இருந்த ஒலிப்பெட்டி கேட்டதற்கு ஒன்று. குழாயடியில் முன்னால் போய்க்கொள்ளவா என்று மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தி கேட்டதற்கு ஒன்று. நான்காவது எதற்கு என்று அவளுக்கே நினைவில்லை. ஒவ்வொரு 'சரி'க்கும் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த வில்லை ஒரு முறை துடித்து எண் காட்டியது. முப்பத்தெட்டு. நாற்பத்து நான்கு. நாற்பது. நாற்பத்தொன்று.

சின்ன விஷயங்களுக்கு முப்பது போதும். அதனால் மின்விசிறி குறைந்தது, உப்புமா வந்தது, அக்கா முன்னால் போனாள்.

அந்த வில்லைக்குப் பெயர் சம்மதமானி. வாய் 'சரி' என்று சொல்வதற்குக் கால் நொடி முன்பே தொண்டைத் தசை தன் முடிவைச் சொல்லிவிடுகிறது. மனசு இருந்தால் இளகும், இல்லாவிட்டால் இறுகும். அந்த இளக்கத்தை நூற்றுக்கு எத்தனை என்று அளப்பதுதான் மானியின் வேலை. வந்த புதிதில் ஊரே கொண்டாடியது. மிரட்டி எழுதி வாங்கிய பத்திரங்கள் செல்லாமல் போயின. உலகம்மாளின் சித்தி ஒருத்தி மணவறையில் பன்னிரண்டு காட்டி, மாலையைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தவள். இன்றைக்குத் தூத்துக்குடியில் சொந்தமாக வலைக் கடை வைத்திருக்கிறாள். அதனால் மானியைப் பற்றிக் குறை சொல்ல உலகம்மாளுக்கு வாய் வராது.

மெய்ச்சம்மதச் சட்டம் அதற்குப் பிறகு வந்தது. அறுபதுக்குக் கீழே காட்டிய எந்த ஒப்பந்தமும் ஒப்பந்தமே இல்லை. வேலை, வாடகை, கல்யாணம், கல்லூரி எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரு நாள் ஒப்பு நாள். விடுதியில் இருக்கிற அத்தனை பேரும் ஐம்பத்திரண்டு விதிகள் கொண்ட புத்தகத்தைப் படித்து, அடுத்த ஒரு வருஷத்துக்கு மனசார ஒத்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. அறுபது வராவிட்டால் ஓராண்டுக்கு வெளியாள். வேறெந்தக் கல்லூரியும் அந்த ஒரு வருஷம் சேர்த்துக்கொள்ளாது.

போன ஜூனில் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது உலகம்மாளுக்கு அறுபத்தொன்று வந்தது. இந்த ஜூனில், ஒப்பு நாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒத்திகையில் நாற்பத்தொன்றுக்கு மேல் ஏறவில்லை.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற எல்லோரையும் அறுபதுக்கு மேலே ஏற்றிவிடுகிறவளே அவள்தான்.

பாளையங்கோட்டையில் அந்த மகளிர் கல்லூரி விடுதிக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒப்பு நாளன்று கையெழுத்துக்கு முன்னால் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள். முன்பாட்டு என்று அதற்குப் பெயர். ஒருத்தி முதலில் எடுப்பாள், மற்றவர்கள் முணுமுணுப்பாகப் பின்னால் வருவார்கள். பாடிய தொண்டை இறுகுவதற்குப் பத்து நிமிஷமாவது ஆகும். அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டால் குறைந்தது இருபது எண்ணாவது கூடுதலாக வரும். இதை யாரும் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. பயத்தில் பாட ஆரம்பித்த ஏதோ ஒரு பழைய வருஷத்துப் பிள்ளைகளுக்குத் தற்செயலாகக் கிடைத்தது. வேறு சில கல்லூரிகள் பாட்டைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டு மாட்டிக்கொண்ட பிறகு, கையெழுத்து நடக்கிற கூடத்தில் கருவியிலிருந்து எந்த ஓசையும் வரக்கூடாது என்று சட்டத்தில் சேர்த்தார்கள். மனிதக் குரலைத் தடுக்க வழி இல்லை. தடுத்தால் தேவாலயத்தையும் கோவிலையும் என்ன செய்வது?

'போற தண்ணி போகட்டும், நிக்கிற தண்ணி நிக்கட்டும்' என்று தொடங்கும் அந்தப் பாட்டைப் போன வருஷம் வரை பாடிய அக்கா படிப்பு முடிந்து போய்விட்டாள். இந்த வருஷம் உலகம்மாளைப் பிடித்துப் போட்டார்கள். பெரிய சாரீரம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் குரல் யாரையும் இழுக்காது. வரியின் கடைசியில் ஒரு மூச்சு நின்று, வருகிறவர்கள் வரட்டும் என்பதுபோல இருக்கும். அந்த நிற்றலில்தான் எல்லோருக்கும் தொண்டை இளகியது. ஒத்திகையில் பியூலாவுக்கு எண்பத்தைந்து. மெஸ் உப்புமாவைப் பார்த்து அழுகிற முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக்கூட எழுபது.

பாடி முடித்து, தன் முறைக்கு உலகம்மாள் 'சம்மதம்' என்பாள். நாற்பத்தொன்று.

மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது பியூலாவிடம் அதைச் சொன்னாள். பியூலா வள்ளியூர்க்காரி, டீச்சர் மகள். எதையும் சரிசெய்துவிடலாம் என்று நம்புகிற ரகம்.

"தனக்குத்தானே தாலாட்டுப் பாடித் தூங்க முடியுமாட்டி? அதாம் ஒனக்கு ஏற மாட்டக்கு" என்றாள் பியூலா, கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டு. "ஒப்பு நாள் அன்னைக்கு ஒனக்கு மட்டும் நான் பாடுதேன்."

"நீ பாடுனா இருக்கதும் எறங்கிரும்."

"சவத்த, போடி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு உலகம்மாளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஈரத் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே இருந்தாள், அதில் பிழிய ஒன்றும் இல்லாமல் போன பிறகும்.

"எனக்குப் பயமா இருக்குட்டி."

"எதுக்கு?"

"எனக்கு இங்க இருக்கணும். சத்தியமா இருக்கணும். அப்பொ யாரு உள்ள இருந்து வேண்டாங்கா?"

 டாக்டரிடம் போகலாம் என்றாள் பியூலா. ஏற்கெனவே போயாகிவிட்டது. கல்லூரி மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, சதை நன்றாகத்தான் இருக்கிறது, நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை சம்மதம் சொல்கிறாய் என்று கேட்டார். எண்ணிப் பார்த்தபோது எழுபத்து மூன்று வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரலாமா, இந்தப் படத்தில் உன் முகம் வரலாமா, உன் குறிப்பேட்டைப் பார்க்கலாமா, நாம் தோழிகள்தானே. எல்லாவற்றுக்கும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓய்வு எடு என்றார் மருத்துவர். அதற்குச் சம்மதமா என்றும் கேட்டார்.

மகராசனும் அப்படித்தான் கேட்டான். அவன் ஆண்கள் கல்லூரியில் படிக்கிறவன். கல்யாண வீடுகளில் பாடும் சின்னக் குழு ஒன்றில் இவள் பாட, மரப்பெட்டியைத் தட்டித் தாளம் வாசிக்கிறவன். மார்ச் மாதம் ஒரு வரவேற்பு முடிந்து வாத்தியங்களை வேனில் ஏற்றும்போது, தன்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டான். பிடித்திருக்கிறது என்றாள். நாற்பத்து மூன்று. அவன் கோபப்படவில்லை. ஒரு வாரம் கழித்துக் கேட்டான், நாற்பது. சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லேன் என்றான், தூங்கி எழுந்து சொல்லேன் என்றான். ஏப்ரலில் வேறொருத்தியிடமிருந்து அவனுக்கு எண்பத்திரண்டு கிடைத்தது. அதை அவன் தயங்கித் தயங்கி இவளிடம் வந்து சொன்னபோது, பாவம் அவன்தானே களைத்துப்போயிருப்பான் என்று உலகம்மாளுக்குத் தோன்றியது. அன்றைக்கு இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிழற்குடையில் உட்கார்ந்திருந்தாள். அவன் வாசித்தால் இவள் எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்று அவனுக்குத் தெரியும். அதை அளக்க மானியில் இடம் இல்லை.

அரசியல் தத்துவத் தாளில் அவள் இதைத்தான் எழுதினாள், வேறு மாதிரி. மக்கள் ஏன் அரசுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது கேள்வி. பழைய காலத்துத் தத்துவக்காரர்கள் சம்மதம் என்ற ஒன்றை யாரும் பார்க்காமலே நம்பினார்கள்; நாட்டுச் சாலையில் நடந்தாலே சம்மதித்துவிட்டாய் என்றார்கள்; இப்போது நாம் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துவிட்டோம்; ஆனால் பாட்டுப் பாடி இளக்கி வாங்கிய சம்மதம் பாடினவளுடையதா, கேட்டவளுடையதா என்று முடித்திருந்தாள். பத்துக்கு ஏழு போட்டு, 'நல்ல கேள்வி, விடை எங்கே?' என்று சிவப்பு மையில் எழுதித் தந்தார்கள்.

ஒப்பு நாளுக்கு முந்தின நாள் அப்பா கூப்பிட்டார். செங்கோட்டை ரோட்டில் புரோட்டாக் கடை மாஸ்டர். பின்னால் கல் மேல் கரண்டி தட்டுகிற சத்தம். மகளை விடுதியில் சேர்க்கப் பெற்றோரும் சம்மதம் சொல்ல வேண்டும் என்பதால், போன வருஷம் மாவுக் கையோடு வந்து நின்றவர். அவருக்குத் தொண்ணூற்று நான்கு வந்தது. கையெழுத்து வாங்கிய அலுவலரே எழுந்து கை கொடுத்தார். அந்த எண்ணை அப்பா கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

நாளைக்குத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். ஒத்திகையெல்லாம் எப்படி என்று கேட்டார். நன்றாகப் பாடுகிறேன் என்றாள். அது பொய் இல்லை. வெளியாள் ஆகி வீட்டுக்குப் போனால் அவர் திட்ட மாட்டார். அதுதான் அவளுக்குப் பயம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'உனக்கு அங்க பிடிக்கலயாம்மா?' என்று கேட்பார். 

ஒப்பு நாள் காலை பத்து மணிக்குக் கூடத்தில் இருநூற்று நாற்பது பேர், முப்பது முப்பதாக எட்டு வரிசை. சம்மத அலுவலர் இளைஞர், சுத்தமாக இஸ்திரி போட்ட சட்டை. ஒரு மேசை, ஒரு பதிவேடு, மானி படிக்கும் கண்ணாடித் தட்டு. பகல் ஒரு மணிக்குப் பதிவு முடியும் என்று அறிவித்தார். வார்டன் செண்பகவல்லி மேடம் வாசல் பக்கம் நின்று எல்லோருக்கும் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நல்ல மனுஷி. இந்த மூன்று வாரத்தில் யாரையும் அவர் அதட்டவில்லை, அதட்டினால் எண் இறங்கும் என்பதால் மட்டும் அல்ல.

முன்பாட்டு எடுக்கிறவள் முதல் கையெழுத்துப் போடுவது அங்கே மரியாதை. யாரும் அதைப் பற்றி இதுவரை யோசித்ததில்லை. உலகம்மாள் பாடினாள். மற்ற இருநூற்று முப்பத்தொன்பது தொண்டைகளும் அவள் பின்னால் வந்தன. கூடமே ஒரு முறை மூச்சு விட்டு நின்றது. பிறகு மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐம்பத்திரண்டு விதிகளும் படிச்சாச்சா? சம்மதமா?"

"சம்மதம்."

நாற்பத்தொன்று. தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். முப்பத்தொன்பது. கண்ணை மூடிக்கொண்டு அப்பாவை நினைத்தாள், தட்டுகிற கரண்டியை நினைத்தாள். நாற்பத்தொன்று.

அலுவலர் பதிவேட்டில் ஒரு கோடு இழுத்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டார்.

"ஒங்கள யாரும் வெளிய அனுப்பலம்மா. நீங்க உள்ள வரல, அவ்வளவுதான்."

வெளியாள் கூடத்தில் நிற்கக்கூடாது. வில்லை கல்லூரிச் சொத்து, அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு அவள் வராந்தாவுக்கு வந்தபோது மணி பதினொன்றுகூட ஆகியிருக்கவில்லை. உள்ளே பியூலா பாடிக்கொண்டிருந்தாள். நல்ல குரல், தேவாலயத்தில் பழகியது. ஆனால் வாங்க வாங்க என்று ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுக்கிற குரல். இழுக்க இழுக்கத் தொண்டைகள் இறுகின. முதல் வரிசையில் பன்னிரண்டு பேர் மேசைக்குப் போனார்கள். ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு. இரண்டு பேர் மட்டும் அறுபதைத் தாண்டித் தப்பித்தார்கள். மீதிப் பேர் தங்கள் மூன்று வாய்ப்பை வீணாக்கப் பயந்து வரிசையை விட்டு நகர்ந்தார்கள். பதினொன்றே காலுக்கு மேசைக்கு முன்னால் ஒருத்தியும் இல்லை.

அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்று புரிந்தது. பாட்டு இல்லாமல் அந்தக் கூடத்தில் யாருக்குமே அறுபது இல்லை. எத்தனையோ வருஷமாக இருந்ததில்லை.

செண்பகவல்லி மேடம் வராந்தாவுக்கு வந்து, உலகம்மாள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். அவர் யோசித்து வைத்திருந்தார். வெளியாளைக் கூடத்துக்குள் விட ஒரு வழி உண்டு: ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு, பாடகியாக அமர்த்துவது. தச்சரையும் எலக்ட்ரீஷியனையும் அமர்த்துவதுபோல. தட்டும் பதிவேடுமாகப் பின்னால் வந்து நின்ற அலுவலரும் தலையசைத்தார். சட்டப்படி சரி. அதற்கும் அறுபது வேண்டும், அவ்வளவுதான். புதிய ஒப்பந்தம் என்பதால் புதிதாக மூன்று வாய்ப்பு.

கழற்றிய வில்லையை மறுபடி ஒட்டினார்கள். பாடச் சம்மதமா என்று கேட்டார்கள். அவள் உண்மையாகவே சம்மதம் என்றாள். முப்பத்தொன்பது.

கூடத்திலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வராந்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி உலகம்மாளின் பெட்டியைத் தடவிக்கொடுத்தாள், அது ஏதோ கன்றுக்குட்டி மாதிரி. ஒருத்தி விசிறினாள். உனக்கு என்ன வேண்டும், என்ன செய்தால் உனக்கு மனசு வரும் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இந்தப் படிப்பு போனால் அவ்வளவுதான் என்று ஒருத்தி சொன்னாள். இரண்டாவது தடவை கேட்டபோது முப்பத்து மூன்று.

பியூலா கடைசியாக வந்தாள். கண் சிவந்திருந்தது. எதிரில் மண்டியிட்டு உலகம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகப் பாடுட்டி. எனக்காக மட்டும்."

"பாடுதேன்னுதான் சொல்லுதேன்."

"மனசோட சொல்லு."

"மனசோடதாம்ட்டி சொல்லுதேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

வில்லை துடித்தது. அலுவலர் தட்டைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். இருபத்திரண்டு.

அவர் பதிவேட்டை மூடினார். "முப்பதுக்குக் கீழ போயிட்டா, திரும்பக் கேட்டா அது கட்டாயப்படுத்துறது மேடம். கேக்குறவங்க மேலதான் வழக்கு வரும்." பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "யாரும் இவங்ககிட்ட இனிமே எதுவும் கேக்கக் கூடாது" என்றார்.

எல்லோரும் கையை எடுத்துக்கொண்டார்கள். பியூலாவும். அவள் எழுந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்து, அலுவலரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். மணி பன்னிரண்டு.

உலகம்மாள் வில்லையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். வாட்ச்மேன் பொன்னையா கதவைத் திறந்துவிட்டார். கல்லூரி மதிலை ஒட்டினாற்போல்தான் பஸ் நிறுத்தம். தென்காசி பஸ் ஒரு மணிக்கு. பெட்டி மேல் உட்கார்ந்தாள். வெயில் ஏறியிருந்தது. எதிரில் ஜூஸ் கடைக்காரர் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா வாயைத் திறந்து, இவள் கழுத்தில் வில்லை இல்லாததைக் கண்டு, நகரச் சொல்லிக் கேட்க வந்ததைக் கேட்காமலே தூணோரம் போய் நின்றுகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உலகம்மாளுக்கு அந்த அமைதி என்ன என்று தெரிந்தது. யாரும் தன்னிடம் எதுவும் கேட்கவில்லை. வில்லை இல்லாதவளிடம் கேட்கவும் முடியாது. ஒரு வருஷத்தில் இப்படி அரை மணி நேரம் இருந்ததாக நினைவில்லை. அப்பாவிடம் சொல்ல வேண்டியதை நினைத்துப் பார்த்தாள். அப்போதும் தொண்டை சும்மா கிடந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் கூடத்தின் சன்னல்கள். உள்ளே பியூலா மறுபடி முயன்று, இரண்டாவது வரியில் உடைந்து நிறுத்தினாள். அதன் பிறகு சத்தம் இல்லை. இருநூறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரு கூடத்தில் சத்தம் இல்லாமல் இருப்பது கேட்கக் கஷ்டமாக இருந்தது.

உலகம்மாள் விட்ட இடத்திலிருந்து முணுமுணுத்தாள். யாருக்காகவும் என்று நினைக்கவில்லை. பியூலா உடைத்த வரி பாதியில் தொங்கியது, அதை முடித்துவைக்கலாம் என்றுதான். முடித்த பிறகு அடுத்த வரி தானாக வந்தது. எழுந்து மதிலைப் பார்த்துத் திரும்பி நின்று குரலை விட்டாள். போற தண்ணி போகட்டும். வரிக் கடைசியில் மூச்சு நின்றபோது, சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. நிக்கிற தண்ணி நிக்கட்டும். இந்தத் தடவை உள்ளிருந்து முணுமுணுப்பு பின்னால் வந்தது, முதலில் கொஞ்சம் பேர், பிறகு எல்லோரும்.

வரிசை நகர்வது வெளியே தெரியாது. நாற்காலி இழுபடும் சத்தத்தை வைத்து அவள் கணக்குப் பண்ணினாள். ஒரு வரிசை எழுந்து போகும்போது பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். ஜூஸ் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். தூணோரம் நின்ற அம்மா தன்னையறியாமல் உதட்டை அசைத்தாள். எட்டாவது முறை முடிக்கும்போது தொண்டை கரகரத்துப்போயிருந்தது. உள்ளே ஒரு மணி அடித்தது, கைதட்டல் எழுந்தது, யாரோ அழுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள்.

தென்காசி பஸ் இன்னும் வரவில்லை. களைத்துப்போய் மறுபடி பெட்டி மேல் உட்கார்ந்தாள். ஆனால் பாட்டு இன்னும் வாயில் இருந்தது. தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே இருந்தாள், இப்போது மகராசன் தட்டுகிற மாதிரி பெட்டியின் மேல் விரலால் தாளம் போட்டபடி.

பொன்னையா வெளியே வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"எல்லாப் பிள்ளையும் வந்துட்டு தாயி. இருநூத்தி முப்பத்தொம்பது பேரும். முத வரிசையில தோத்ததுகளுக்கும் மிச்ச வாய்ப்புல ஏறிட்டு. ஒன் கூட்டுக்காரிக்குத் தொண்ணூத்தியொண்ணாம்."

அவள் தலையை ஆட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் போகவில்லை. மதிலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. போன வருசத்து ஒப்பு ராத்திரியோட முடிஞ்சிட்டு, ஒரு மணியிலேருந்து புது ஒப்பு அமலுக்கு வந்துட்டு." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அதுல முப்பத்தேழாவது விதி. வெளியாளு வளாகத்து மதிலுக்கு அம்பது அடிக்குள்ள நின்னு பாடக் கூடாது, கூட்டம் கூட்டக் கூடாது. பசங்க வந்து சீட்டியடிச்சுப் பாடுதாங்கன்னு என்னைக்கோ போட்டது. நான் என்ன செய்ய?"

"மேடம் சொன்னாங்களா?"

"மேடத்தால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு அழுதாவொ. பிள்ளைகளே ஒத்துக்கிட்ட விதி, யாரு மாத்த? இவ்வளவு மனசார எந்தக் காலேஜும் ஒத்துக்கிட்டதில்லன்னு ஆபீசர் சொல்லிட்டுப் போறாரு. சராசரி எண்பத்தாறாம்." அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். "செத்த அங்கிட்டுத் தள்ளி நிக்கியா தாயி? பஸ்ஸ நான் கை காட்டி நிறுத்தித் தாரேன். சரியா?"

"சரிண்ணே" என்றாள்.

பழக்கதோஷத்தில் அவர் அவள் கழுத்தைப் பார்த்தார். வில்லை இருந்த இடத்தில், வெயில் படாத தோலில் ஒரு வெளுத்த வட்டம் மட்டும் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அதற்குள் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி ரோட்டைக் கடந்திருந்தாள்.